விழுந்தவனை மிதிக்காத விளையாட்டு எது?

‘விளையாட்டு வினையாகும்’ என்ற பழமொழியைக் கேட்காமல் வளர்ந்த தமிழ் மாணவர் நம்மிடையே இருக்க முடியாது. கணினியின் முன் உட்கார்ந்து பத்து நிமிடம் ஆவதற்குள் அம்மாவோ பாட்டியோ அதைச் சொல்லிவிடுவார்கள். அப்பழமொழிக்கு மறுப்புரை எழுதுவது என் நோக்கமன்று. நம் விடுதி அறைகளில் ஒவ்வொரு பருவத்திலும் தவறாமல் எழும் ஒரு வாதத்தைப் பற்றியே இக்கட்டுரையில் பேச விரும்புகிறேன். ‘சோல்ஸ்’ வரிசை விளையாட்டுகளில் எது மிகக் கடினமானது என்பதே அவ்வாதம்.

ஒருவர் ‘செகிரோ’ என்பார். இன்னொருவர் ‘எல்டன் ரிங்’கில் வரும் மலேனியாவைச் சொல்வார். மூன்றாமவர், “நீங்களெல்லாம் புதியவற்றை விளையாடியவர்கள், ‘டீமன்ஸ் சோல்ஸ்’ விளையாடியிருந்தால் இப்படிப் பேசமாட்டீர்கள்” என்று பெரியவர் தோரணையில் முடித்து வைப்பார். இவ்வாதத்தில் எனக்கு உடன்பாடில்லை. கேள்வியே பிழையானது என்பது என் கருத்து. கடினமான விளையாட்டை உருவாக்குவது பெரிய காரியமன்று. எதிரியின் வாளுக்கு வலிமையைக் கூட்டிவிட்டால் போதும், எவரும் தோற்பார். தோற்றவனை அவ்விளையாட்டு அடுத்த நொடியில் எப்படி நடத்துகிறது என்பதில்தான் உருவாக்கியவரின் திறமையும் நேர்மையும் வெளிப்படும். அந்த ஓர் அளவுகோலை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு இவ்வரிசையை ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

இவ்விளையாட்டுகளை அறியாத வாசகர்களுக்கும், குறிப்பாக நம் முன்னாள் மாணவர்களுக்கும், ஒரு சிறு விளக்கம். ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கியவை இவை. ஒரு கதாபாத்திரத்தை நாமே ஏற்று, அதற்கு ஆயுதமும் ஆற்றலும் சேர்த்து, பாழடைந்த ஓர் உலகில் நடக்கவேண்டும். எதிரிகளைக் கொன்றால் ‘ஆன்மாக்கள்’ கிடைக்கும். அவையே பணம், நம் ஆற்றலை உயர்த்திக்கொள்ளும் மூலதனமும் அவையே. இறந்தால் சேர்த்த ஆன்மாக்கள் அனைத்தும் இறந்த இடத்திலேயே கிடக்கும். நாம் பழைய இடத்தில் உயிர்த்தெழுவோம். கொன்ற எதிரிகளும் நம்மோடு உயிர்த்தெழுவார்கள். மீண்டும் அவ்விடத்தை அடைந்தால் இழந்ததை எடுத்துக்கொள்ளலாம். போகும் வழியில் மறுபடி இறந்தால் எல்லாம் போச்சு. இவ்வளவுதான் அடிப்படை விதி. ஆனால், இவ்விதியைச் சுற்றி ஒவ்வொரு விளையாட்டும் எழுப்பிய கட்டடம் வேறு வேறு.

தோல்வியில் பிறந்த முதல் விளையாட்டு

‘டீமன்ஸ் சோல்ஸ்’ 2009ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 3இல் வெளிவந்தது. இதன் இயக்குநர் ஹிடெடாகா மியாசாகி. ஆரக்கிள் நிறுவனத்தில் பணிபுரிந்துவிட்டு 2004இல் ஃப்ரம்சாஃப்ட்வேரில் சேர்ந்தவர் அவர். நிறுவனத்துக்குள்ளேயே தோல்வி என்று முத்திரை குத்தப்பட்டிருந்த ஒரு திட்டத்தை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். ஏற்கெனவே தோற்றுப்போன ஒன்று மேலும் தோற்றால் யார் கவலைப்படப் போகிறார்கள் என்பது அவரது கணக்கு. சோனியின் விளையாட்டுப் பிரிவில் உயர்பொறுப்பில் இருந்த ஷுஹெய் யோஷிடா, கிட்டத்தட்ட முடிந்த நிலையில் இருந்த இதை இரண்டு மணி நேரம் விளையாடியும் தொடக்கத்தைத் தாண்ட முடியாமல், மிக மோசமான விளையாட்டு என்று ஒதுக்கிவிட்டதைப் பின்னாளில் அவரே வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். சோனி இதை மேலை நாடுகளில் வெளியிடவில்லை. ஆசியாவில் வெளியான ஆங்கிலப் பதிப்பை வரவழைத்து மேலை நாட்டினர் விளையாடத் தொடங்கினர். அதன்பின் வட அமெரிக்காவில் அட்லஸ் நிறுவனம் வெளியிட்டது. வாய்மொழியாகவே இதன் புகழ் பரவியது.

பெருமை பெரிதுதான். எனினும், நம் அளவுகோலை வைத்துப் பார்த்தால் இது கருணையற்ற விளையாட்டு. முழு உடலோடு இருக்கும்போது இறந்தால், ‘ஆன்ம வடிவில்’ எழுவோம். அப்போது நம் உயிர் அளவு பாதியாகிவிடும். அத்துடன் முடிந்ததா? இல்லை. உடலோடு இருக்கும்போது நாம் இறக்க இறக்க அவ்வுலகம் ‘கருமை’யை நோக்கிச் சாய்கிறது, எதிரிகள் முன்னைவிட வலிமை பெறுகிறார்கள். தோற்றவனின் பலத்தைப் பாதியாக்கி, அவனை வீழ்த்தியவர்களின் பலத்தைக் கூட்டும் ஏற்பாடு இது. திறமையுள்ளவன் பாஸ் எனப்படும் பெரிய எதிரிகளை வீழ்த்த வீழ்த்த உலகம் ‘வெண்மை’ அடைந்து எளிதாகிறது. இருப்பவனுக்கு மேலும் கிடைக்கிறது. இல்லாதவனிடம் இருப்பதும் பறிபோகிறது. உயிர் அளவின் இழப்பைச் சற்றுக் குறைக்கும் மோதிரம் ஒன்று முதல் கோட்டையிலேயே கிடைக்கிறது என்பது உண்மை. ஆயினும், அதைத் தேடிக் கண்டுபிடிப்பவனும் தேர்ந்தவனாகத்தான் இருப்பான். 2020இல் பிளேஸ்டேஷன் 5க்காக இதைப் புதுப்பித்தவர்கள் காட்சிகளை அழகாக்கினார்கள். இந்த விதியை அப்படியே விட்டுவிட்டார்கள்.

கணப்புத் தீயின் அருமை

2011இல் வெளிவந்த ‘டார்க் சோல்ஸ்’ இவ்வரிசையின் முகத்தையே மாற்றியது. லார்ட்ரன் எனும் உலகில் ஆங்காங்கே ‘பான்ஃபயர்’ எனப்படும் கணப்புத் தீ எரிந்துகொண்டிருக்கும். அதனருகே உட்கார்ந்தால் உயிர் நிரம்பும். ‘எஸ்டஸ்’ எனும் மருந்துக் குப்பியும் நிரம்பும். இறந்தால் கடைசியாக உட்கார்ந்த தீயருகே எழுவோம். உயிர் அளவு குறையாது. எதிரிகள் வலுக்கமாட்டார்கள். மருந்து, விலை கொடுக்காமலேயே மறுபடி நிரம்பியிருக்கும். முன்பு எப்படிப் போருக்குப் போனோமோ அதே பலத்துடன் மறுபடியும் போகலாம்.

இதைச் சலுகை என்று எண்ணிவிடக்கூடாது. மணிக்கூண்டின் மேல் எரியுமிழும் இரட்டைக் கார்காயில்கள் நமக்காகத் தங்கள் பலத்தைக் குறைத்துக்கொள்வதில்லை. ஆனோர் லோண்டோவில் குறுகிய விளிம்பின் மேல் நடக்கும்போது பெருவில் ஏந்திய இரண்டு வெள்ளி வீரர்கள் எய்யும் அம்புகளில் விழாதவர் அரிது. அந்நகரின் ஆர்ன்ஸ்டீனும் ஸ்மவ்வும் எத்தனையோ பேரைக் கண்ட்ரோலரைத் தூக்கி எறிய வைத்தவர்கள். தேர்வு கடினமாகவே இருக்கிறது. தேர்வில் தோற்றதற்காக அடுத்த தேர்வில் நம் மதிப்பெண்ணை முன்கூட்டியே வெட்டிக்கொள்வதில்லை, வேறுபாடு அதுதான்.

விதிவிலக்கும் உண்டு. நிலத்தடிச் சாக்கடைகளில் வாழும் பசிலிஸ்க் எனும் பிராணி ஊதும் புகையில் சிக்கினால் ‘சாபம்’ பிடித்து, உயிர் அளவு பாதியாகிவிடும். அதை நீக்கும் கல்லைத் தேடி அலையவேண்டும். பழைய விளையாட்டின் கொடுமை இந்த ஒரு மூலையில் மிச்சமிருக்கிறது என்றே இதைக் கருதுகிறேன்.

லார்ட்ரனின் அமைப்பையும் இங்குச் சொல்லவேண்டும். தொடக்கத்தில் ஃபயர்லிங்க் எனும் இடத்தில் நிற்போம். எலும்புக்கூடுகள் நிறைந்த கல்லறை ஒரு பக்கம். பேய்கள் உலவும் மூழ்கிய நகரம் மறுபக்கம். மேலே ஏறும் படிக்கட்டு இன்னொரு பக்கம். எது சரியான வழி என்று பலகை ஏதும் இல்லை. கல்லறைக்குப் போனவன் இரண்டே அடியில் இறப்பான். ‘இப்போது இங்கே வராதே’ என்று உலகமே சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. பல மணி நேரம் போராடித் தேவாலயத்தை அடைந்து, அங்குள்ள ஒரு தூக்கியில் ஏறி இறங்கினால், கதவு திறந்ததும் கண்முன் அதே ஃபயர்லிங்க்! எங்கோ தொலைதூரம் வந்துவிட்டோம் என்று நினைத்தவனுக்கு, வீடு இத்தனை அருகில் இருந்ததா என்ற நிம்மதி. அந்நிம்மதியை வேறெந்த விளையாட்டும் எனக்குத் தந்ததில்லை. இரண்டாம் பாதியில், குறிப்பாக லாஸ்ட் இசலித் பகுதியில், இத்தரம் குறைகிறது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அங்கே ‘பெட் ஆஃப் கேயாஸ்’ எனும் எதிரியிடம் நாம் தோற்பது திறமைக் குறைவால் அன்று. காலடியில் தரை திடீரென உடைவதால். கற்றுக்கொள்ள எதுவுமில்லாத தோல்வி அது.

ஒரு கையால் அடித்து மறுகையால் அணைத்தது

2014இல் வந்த ‘டார்க் சோல்ஸ் 2’ஐ இவ்வரிசையின் செல்லாத காசாகவே பலர் பேசுகிறார்கள். அப்போது மியாசாகி ‘பிளட்போர்ன்’ வேலையில் இருந்தார். இதை டொமொஹிரோ ஷிபுயாவும் யூயி தனிமுராவும் இயக்கினார்கள். ஆகவே இது ‘மாற்றாந்தாய்ப் பிள்ளை’ ஆயிற்று. அந்த ஏளனம் எனக்கு ஏற்புடையதன்று. ஆனால், தோற்றவனை எப்படி நடத்துவது என்பதில் இவ்விளையாட்டு தடுமாறியிருக்கிறது.

ஒவ்வொரு முறை இறக்கும்போதும் நம் உயிர் அளவின் உச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பாதி வரை இறங்கும். ‘மனிதப் பாவை’ எனும் அரிய பொருளைப் பயன்படுத்தினால்தான் மீளும். 2009இன் தண்டனை, தவணை முறையில் திரும்பி வந்தது. அதே வேளை, ஓர் எதிரியை மீண்டும் மீண்டும் கொன்றால், குறிப்பிட்ட எண்ணிக்கைக்குப் பிறகு அவ்வெதிரி திரும்ப வருவதே இல்லை. ஒரே பாதையில் பலமுறை தோற்றவனுக்கு அப்பாதை மெல்ல மெல்லக் காலியாகிறது. இது இரக்கம். ஆனால், அப்பாதையை முழுமையாகக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பையும் இவ்விரக்கம் எடுத்துவிடுகிறது. அதைவிடப் பெரிய குறை, உருண்டு தப்பிக்கும் திறனையே ‘அடாப்டபிலிட்டி’ என்ற எண்ணுக்குள் ஒளித்து வைத்தது. முந்தைய விளையாட்டில் பழகியவன் சரியான நேரத்தில்தான் உருளுவான்; அடியும் வாங்குவான். ஏன் அடிபட்டோம் என்பது அவனுக்குப் புரியாது. தோல்விக்கான காரணத்தை மறைப்பது கடினமன்று. அது நேர்மைக் குறைவு.

வேகம், இரத்தம், இலக்கணம்

2015இல் பிளேஸ்டேஷன் 4இல் வந்த ‘பிளட்போர்ன்’, கேடயத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டே விளையாடிய நம்மைப் போன்றவர்களின் பழக்கத்தை உடைத்தது. அடிபட்ட சில நொடிகளுக்குள் திருப்பித் தாக்கினால் இழந்த உயிரில் ஒரு பகுதியை மீட்டுக்கொள்ளலாம். பயந்து பின்வாங்குபவனைவிட நின்று போராடுபவனுக்கு நன்மை. தோல்வி நிகழ்வதற்கு முன்பே கையில் தரப்படும் மறுவாய்ப்பு இது. அருமையான சிந்தனை.

ஆனால், மருந்து விசயத்தில் இவ்விளையாட்டு கஞ்சத்தனம் காட்டுகிறது. எஸ்டஸ் போல இங்கே மருந்து தானாக நிரம்புவதில்லை. இரத்தக் குப்பிகளைத் தேடியோ வாங்கியோ சேர்க்கவேண்டும். ஃபாதர் காஸ்கோயினிடம் பத்து முறை தோற்ற புதியவன், பதினோராம் முறை வெறுங்கையோடு நிற்பான். சண்டையை நிறுத்திவிட்டுத் தெருத்தெருவாகச் சென்று குப்பி பொறுக்கவேண்டும். முதல் முறையிலேயே வென்றவனிடம் குப்பிகள் நிறைந்து வழியும். யாருக்கு உதவி அதிகம் தேவையோ அவனிடமே அது இல்லாமல் போகிறது.

2016இன் ‘டார்க் சோல்ஸ் 3’ ஒரு மனோவியல் தந்திரம் செய்தது. ‘எம்பர்’ எனும் கனலைப் பயன்படுத்தினால் உயிர் அளவு கூடும்; இறந்தால் அக்கூடுதல் மட்டும் போகும். எண் கணக்கில் பார்த்தால் ‘டீமன்ஸ் சோல்ஸ்’ செய்ததற்கும் இதற்கும் அடிப்படையில் பெரிய வேறுபாடில்லை. ஒன்று ‘உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன்’ என்கிறது. மற்றொன்று ‘கொடுத்த பரிசு முடிந்தது’ என்கிறது. எனினும், விளையாடுபவனின் மனத்தில் இரண்டும் ஒன்றல்ல. பாஸை வீழ்த்தியதும் கனல் மீண்டும் கிடைக்கிறது. கணப்புத் தீக்களும் நெருக்கமாக உள்ளன. ஆயினும், உலகம் பெரும்பாலும் ஒரே நேர்க்கோட்டில் செல்வதால், ஓரிடத்தில் முட்டிக்கொண்டவனுக்கு வேறு வழி குறைவு.

2019இன் ‘செகிரோ’ தனி வகை. இதில் ஆற்றலை எண்களாகச் சேர்த்துக்கொண்டு எதிரியை அமுக்கிவிட முடியாது. நண்பரைத் துணைக்கு அழைக்கவும் முடியாது. ஒரே வாள், அதைச் சரியான கணத்தில் உயர்த்தி எதிரியின் வீச்சைத் தட்டிவிட்டு, அவனை நிலைகுலைய வைக்கவேண்டும். இலக்கணம் படிப்பது போன்றது இது. விதியை அறிந்தவனுக்கு எல்லாம் விளங்கும். அறியாதவனுக்கு ஒரு வரியும் நகராது. கெனிச்சிரோ ஆஷினா எனும் எதிரி நம் ஆசிரியராகவே வருகிறான். குத்தினால் மிதிக்கவேண்டும், காலை வாரினால் குதிக்கவேண்டும் என்று அதுவரை கற்ற அனைத்தையும் ஒரே சண்டையில் சோதிக்கிறான். இறந்த இடத்திலேயே ஒருமுறை உயிர்த்தெழும் வசதியும் உண்டு. இறப்பின் விலை, கையிலிருக்கும் காசிலும் அனுபவத்திலும் பாதி. உடல் பலம் குறைவதில்லை. கற்பிக்கும் முறையில் இவ்வரிசையில் ‘செகிரோ’வுக்கு இணையில்லை என்பேன். ஆனால், அந்த ஒரு பாடத்தைக் கற்க முடியாதவனுக்கு அது கதவை முழுவதுமாகச் சாத்திவிடுகிறது. கைவிரல்களின் வேகம் எல்லாருக்கும் ஒன்றா என்ன?

திறந்த வெளியும் அதன் விலையும்

2022 பிப்ரவரியில் வந்த ‘எல்டன் ரிங்’, இவ்வரிசையை உலகெங்கும் கொண்டுசென்றது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் இதன் புராணப் பின்னணியை எழுதினார். 2025க்குள் 30 மில்லியனுக்கும் மேற்பட்ட படிகள் விற்றுவிட்டன. தோற்றவனிடம் மிகவும் அன்பாக நடந்துகொள்வது இதுவே. பாஸின் வாசலருகே மரிக்காவின் கம்பம் நட்டிருக்கும். இறந்தால் அங்கேயே எழலாம். நீண்ட தூரம் ஓடிவர வேண்டியதில்லை. மார்கிட்டை வெல்ல முடியவில்லையா? குதிரையைத் திருப்பிக்கொண்டு வேறு திசையில் போகலாம். பலம் சேர்த்துக்கொண்டு பத்து மணி நேரம் கழித்து வரலாம். சாம்பலிலிருந்து ஆவிகளைத் துணைக்கு அழைக்கலாம்.

இவ்வளவு நன்மைகள் இருந்தும் இதை நான் முதலிடத்தில் வைக்கவில்லை. ‘மிமிக் டியர்’ எனும் ஆவியை அழைத்து, நம்மைப் போலவே இருக்கும் அதைப் போரிடவிட்டு, நாம் ஓரமாக நின்றே பல பாஸ்களை வென்றுவிடலாம். வெற்றி கிடைக்கும், எப்படி வென்றோம் என்பது தெரியாது. இப்படியே கடைசிப் பகுதிவரை வந்தவன், அடித்த ஒவ்வொரு அடிக்கும் தன் உயிரை நிரப்பிக்கொள்ளும் மலேனியாவின் முன் நிற்கும்போது கையில் எந்தப் பாடமும் இருக்காது. 2024 ஜூனில் வந்த ‘ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ’ விரிவாக்கத்தின் கடினம் குறித்துக் கூக்குரல் எழுந்ததும், சில நாள்களிலேயே நிறுவனம் திருத்தம் வெளியிட்டு விளையாடுபவரின் பலத்தைக் கூட்டியது. தப்பிக்கும் வழிகளை நிறையக் கொடுத்த விளையாட்டு, கற்பிக்க வேண்டியதைக் கடைசிவரை தள்ளிப்போட்டதன் விளைவு அது என்று நான் நினைக்கிறேன்.

ஆக, என் தீர்ப்பு இது. ‘டீமன்ஸ் சோல்ஸ்’ விழுந்தவனை மிதிக்கிறது. ‘எல்டன் ரிங்’ அவனைத் தூக்கிச் சுமக்கிறது. ‘செகிரோ’ அவனுக்குக் கற்பிக்கிறது. ஆனால் ஒரே மாதிரியாகக் கற்பவர்களை மட்டும் ஏற்கிறது. 2011இன் ‘டார்க் சோல்ஸ்’ அவனை அதே பலத்தோடு எழுப்பி நிறுத்தி, மறுபடி முயலச் சொல்கிறது; தனியே முடியாவிட்டால் துணைக்கு ஆள் அழைக்கவும் வழிவிடுகிறது. அதற்கே முதலிடம்.

பனிமேட்டில் நின்ற வாகனங்கள்

துணைக்கு ஆள் அழைப்பது என்றேன். இதன் பின்னணியில் ஓர் உண்மைச் சம்பவம் உண்டு. பனி கொட்டிய ஒரு நாளில் மேட்டில் ஏற முடியாமல் வாகனங்கள் வரிசையாக நின்றுவிட்டனவாம். பின்னால் இருந்தவர்கள் முன்னால் இருந்த வாகனத்தைத் தள்ளி ஏற்ற, அவ்வாறே ஒவ்வொன்றாக மேடேறின. மியாசாகியும் அப்படித்தான் ஏறினார். நின்று நன்றி சொன்னால் மறுபடி சிக்கிக்கொள்வோம் என்பதால், நன்றி சொல்லாமலேயே போகவேண்டியதாயிற்று. தம்மைத் தள்ளிவிட்டவர்களின் கடைசி வாகனத்தை யார் தள்ளியிருப்பார் என்ற நினைவு அவரை விடவில்லை. முகமறியாதவர்கள் கணநேரம் வந்து உதவி, சொல்லாமல் மறையும் முறை இவ்விளையாட்டுகளில் அமைந்தது அதனால்தான் என்று அவரே நேர்காணலில் கூறியிருக்கிறார். தரையில் எழுதப்பட்ட ஒளிரும் குறிப்புகள், முன்னால் போனவர் பின்னால் வருபவருக்கு விட்டுச்செல்பவை. 2022இல் ‘லெட் மி சோலோ ஹெர்’ என்ற புனைபெயருடன், தலையில் ஒரு ஜாடியை மட்டும் கவிழ்த்துக்கொண்டு வந்த ஒரு வீரர், மலேனியாவிடம் தோற்றுக்கொண்டிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக அவளை வென்று கொடுத்தார். அவருக்கு வெளியீட்டு நிறுவனமே ஒரு வாளைப் பரிசாக அனுப்பியது.

எளிய நிலை ஒன்று வேண்டுமா, கூடாதா என்ற சர்ச்சை 2019இல் ‘செகிரோ’ வந்தபோது பெரிதாக எழுந்தது. ‘முடியாதவன் விளையாடாதே’ என்று சிலர் எழுதினார்கள். 2018இல் வந்த ‘செலஸ்ட்’ எனும் கடினமான விளையாட்டு, வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதியைத் தேவைப்படுவோருக்குக் கொடுத்தது. அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடவில்லை. உடற்குறை உள்ளவர்களுக்கு அத்தகைய வசதி இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. கடினத்தைக் காப்பது வேறு. வாசலில் காவல் நிற்பது வேறு.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

மியாசாகி வறிய குடும்பத்தில் வளர்ந்தவர். புத்தகம் வாங்க வசதியில்லாததால் நூலகத்தில் இரவல் பெற்றுப் படித்தார். தம் அறிவுக்கு எட்டாத ஆங்கில மாயக்கதைகளையும் எடுத்துவந்து, புரியாத இடங்களைப் படங்களைப் பார்த்துத் தம் கற்பனையால் நிரப்பிக்கொண்டார். இவ்விளையாட்டுகளின் கதை துண்டு துண்டாக, ஒரு மோதிரத்தின் குறிப்பிலும் ஒரு சிலையின் கோலத்திலும் சொல்லப்படுவதற்கு அதுவே காரணம். இதைப் படித்தபோது எனக்கு அவர் அந்நியராகத் தோன்றவில்லை.

நான் ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். தேசிய இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றில் நுழைந்தபோது உராய்வு ‘கெசெரான்’ ஆகியிருந்தது. ஆவியாதல் ‘பெஞெஜாத்தான்’ ஆகியிருந்தது. பாடம் புதிதன்று, சொல்தான் புதிது. தெரிந்த பாதிச் சொற்களை வைத்துக்கொண்டு தெரியாத மீதியை ஊகித்தே பல மாதங்கள் ஓடின. அப்போது இரண்டு ஆசிரியர்களிடம் படித்தேன். ஒருவர், குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். அங்கிருந்து கரும்பலகை சரியாகத் தெரியாது. அடுத்த தேர்வில் மதிப்பெண் இன்னும் குறைந்தது. மற்றவர் கேள்வித்தாளை எங்களுக்காக எளிதாக்கவில்லை. பிழைக்கு மதிப்பெண்ணும் கொடுக்கவில்லை. ஆனால், ஒவ்வொரு பாடம் தொடங்கும் முன்பும் அன்றைய பத்துச் சொற்களைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிப் போட்டார். தேர்வு முடிந்ததும் முந்தைய மதிப்பெண்ணைப் பற்றிப் பேசாமல் எல்லாரையும் மறுபடி ஒரே கோட்டில் நிறுத்தினார். முன்னவர் நடத்தியது ‘டீமன்ஸ் சோல்ஸ்’; பின்னவர் நடத்தியது ‘டார்க் சோல்ஸ்’.

பல்கலைக்கழகத்திலும் இதே நிலைதான். ஒரு பருவத்தில் தரப்புள்ளி சரிந்தால் கல்விக் கடன் நிறுத்தி வைக்கப்படுகிறது. பணம் நின்றால் இரவில் பகுதி நேர வேலை. வேலைக்குப் போனால் படிக்க நேரமில்லை. அடுத்த பருவம் மேலும் சரிகிறது. உயிர் அளவைப் பாதியாக்கிவிட்டு எதிரியின் பலத்தைக் கூட்டும் விதி இதுவன்றி வேறென்ன? அவ்விதியை மாற்றும் அதிகாரம் மாணவர்களாகிய நம்மிடம் இல்லை. ஆனால், தரையில் குறிப்பெழுதும் சுண்ணக்கல் நம் கையில் இருக்கிறது.

அதை நாம் பயன்படுத்துகிறோமா? முதலாமாண்டு மாணவர் ஒருவர் வந்து, “அண்ணா, இந்தப் பாடத்தில் தோற்றுவிட்டேன்” என்று சொன்னால், “நாங்களெல்லாம் படாத பாடா? நீயும் பட்டுத் தெரிந்துகொள்” என்று சிரிப்பவர்கள் நம்மிடையே உண்டு. கடினத்தைத் தாண்டிய பெருமை அது. அப்பெருமையில் தவறில்லை. ஆனால், தாண்டியவர் அங்கேயே நின்றுகொண்டு பின்னால் வருபவரின் விழுக்காட்டை எண்ணத் தொடங்கினால், பனிமேட்டில் ஒரு வாகனம்கூட ஏறியிருக்காது. பழைய கேள்வித்தாள்களைத் தொகுத்து வைப்பது, எந்த விரிவுரைக்கு எந்த நூல் உதவும் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டுவது, தேர்வுக்கு முந்திய வாரம் இரண்டு மணி நேரம் உடன் உட்காருவது ஆகியவற்றால் எந்தப் பாடமும் எளிதாகிவிடாது. விழுந்தவர் அதே பலத்தோடு மறுபடி எழ இவை போதும்.

இவ்விளையாட்டுகளைப் புதிதாகத் தொடங்க விரும்பும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். 2018இல் வெளிவந்த ‘டார்க் சோல்ஸ்’ மறுபதிப்பிலிருந்து தொடங்குங்கள். பழைய மடிக்கணினியிலும் பெரும்பாலும் ஓடும். மணிக்கூண்டில் விழுவீர்கள், ஆனோர் லோண்டோவில் நிச்சயம் விழுவீர்கள். தரையில் யாரோ எழுதிவைத்த குறிப்பு உங்களுக்கு உதவினால், அதைப் பயனுள்ளது என்று குறிக்க ஒரு வசதி இருக்கிறது. மறவாமல் அதைச் செய்யுங்கள். பிறகு, நீங்கள் விழுந்த இடத்தில் அடுத்து வருபவருக்காக ஒரு குறிப்பை எழுதிவிட்டுப் போங்கள்.